சோறும் பருப்பும்: ஒரு புரதக் கணக்கு



கணக்கியல் படித்த ஒருவன் உணவைப் பற்றி எழுத வருவது ஏன் என்று உங்களில் சிலர் நினைக்கக்கூடும். நான் வைத்தியனும் அல்லன், உணவியல் நிபுணனும் அல்லன். ஆனால் நாம் நாள்தோறும் உண்ணும் சோறு, பாண், பருப்பு, பாஸ்தா ஆகியவற்றிலுள்ள புரதத்தின் தரம் என்பது அடிப்படையில் ஒரு வரவு செலவுக் கணக்குத்தான். அந்தக் கணக்கை என் தாயாரின் பொருட்டு நான் போட்டுப் பார்க்க நேர்ந்தது. பலெர்மோவில் வாழும் நம் குடும்பங்கள் பலவற்றுக்கும் அது பயன்படும் என்று எண்ணியே இதனை எழுதுகிறேன்.

அம்மாவின் தட்டு

அம்மா 2017 இல் எங்களிடம் வந்து சேர்ந்தார். பிறந்தது முதல் மச்சம் உண்ணாதவர், முட்டையும் தொடமாட்டார். வந்து இரண்டு ஆண்டுகளுக்குள் அவருடைய சட்டைகள் எல்லாம் தொளதொளத்துப் போயின. மூன்றாம் மாடிக்கு ஏறுவதற்குள் இரண்டு தரம் படியில் இருந்துவிடுவார். வயது போனால் அப்படித்தான் என்று நாங்களும் இருந்துவிட்டோம். குடும்ப வைத்தியர் நிறுத்துப் பார்த்தபோது 45 கிலோ இருந்தது. இரத்தப் பரிசோதனையில் பெரிய நோய் எதுவும் இல்லை. "ஒரு கிழமைக்கு இவர் என்ன சாப்பிடுகிறார் என்று எழுதிக்கொண்டு வாருங்கள்" என்றார் வைத்தியர்.

எழுதினேன். ஏழு நாளும் ஒரே பக்கத்தைப் பிரதி எடுத்ததுபோல் இருந்தன. காலையில் பால்தேநீரும் நான்கு றஸ்க்கும். மதியம் சோறு, ரசம், ஒரு மரக்கறி. இரவு பாணும் மீண்டும் தேநீரும். எங்கள் வீட்டில் பருப்புக் கறி இல்லாத நாள் குறைவு. ஆனால் அம்மாவின் பக்கத்தில் பருப்பு என்ற சொல் ஒரு தரமேனும் வரவில்லை.

காரணத்தைக் கேட்டேன். "உந்தப் பருப்பு மணம் வந்தாலே எனக்கு முகாம் ஞாபகந்தான் வருது. எனக்கு வேண்டாம் ராசா, நீங்கள் சாப்பிடுங்கோ" என்றார்.

2009 ஆம் ஆண்டின் முதல் மாதங்களில், கடற்கரையில், அரிசியும் உப்பும் மட்டும் இட்ட கஞ்சியில் உயிர் பிழைத்தவர்கள் நாங்கள். அந்தக் கஞ்சியைத்தான் ஆண்டுதோறும் மே மாதத்தில் நினைவாகப் பகிர்ந்து குடிக்கிறோம். பின்னர் செட்டிகுளம் மெனிக் பாம் முகாமில் உலக உணவுத் திட்டத்தின் நிவாரணமாக அரிசி, கோதுமை மா, பருப்பு, சீனி, எண்ணெய் கிடைத்தன. மாதக்கணக்கில் பருப்பு, பருப்பு, பருப்பு. அம்மா தன் பங்குப் பருப்பைக் கொடுத்துச் செத்தல் மிளகாயும் தேங்காய்ப் பாதியும் மாற்றிக்கொள்வார். நிவாரணப் பொதியில் பருப்பு ஏன் வைக்கப்பட்டது என்பது அன்று எங்களுக்குத் தெரியாது. அதற்கான விடைதான் இப்பாடத்தின் சாரம்.

புரதத்தின் தரம் என்றால் என்ன?

புரதம் என்பது ஒரே பொருள் அன்று. 20 வகை அமினோ அமிலங்கள் கோத்த மாலை அது. இவற்றுள் 9 வகையை நம் உடல் தானாகச் செய்துகொள்ள முடியாது, உணவிலிருந்தே பெறவேண்டும். இவை இன்றியமையாத அமினோ அமிலங்கள் எனப்படும்.

நம் ஆலயத் திருவிழாவில் அன்னதானப் பொதி கட்டுவதை நினைத்துப் பாருங்கள். ஒரு பொதிக்குச் சோறு, இரண்டு கறி, ஒரு வடை. சோறு 100 பேருக்கு இருக்கிறது, கறியும் 100 பேருக்கு இருக்கிறது, வடை மட்டும் 60 தான். அப்படியானால் முழுப் பொதி 60 தான் கட்டலாம். மீதிச் சோற்றை எவ்வளவு கூட்டினாலும் 61 ஆவது முழுப் பொதி வராது. உடலிலும் இப்படியே. மிகக் குறைவாக உள்ள அமினோ அமிலம் எதுவோ, அதுவே தசை கட்டும் வேலையின் எல்லையைத் தீர்மானிக்கிறது. மிஞ்சியவற்றை உடல் எரிபொருளாகச் செலவழித்துவிடும்; நாளைக்கென்று சேமித்து வைக்காது.

அரிசியிலும் கோதுமையிலும் இந்த 'வடை' எது? லைசின் என்னும் அமினோ அமிலம். 1914 இல் அமெரிக்காவில் ஒஸ்போர்ன், மென்டெல் என்ற இரு விஞ்ஞானிகள் இதனை எலிகளில் காட்டினார்கள். கோதுமையின் ஒருவகைப் புரதத்தை மட்டும் உண்ட எலிகள் உயிரோடு இருந்தன, ஆனால் வளரவில்லை. அவ்வுணவில் லைசினைச் சேர்த்தபோது வளரத் தொடங்கின. வயிறு நிறைவது வேறு, உடல் வளர்வது வேறு என்பதை இதைவிடத் தெளிவாகச் சொல்ல முடியாது.

அளந்து பார்ப்போம்

உரோமாபுரியில் தலைமையகம் கொண்டுள்ள ஐ.நா. உணவு விவசாய நிறுவனமும் உலக சுகாதார நிறுவனமும் 1989 இல் கூட்டிய நிபுணர் குழு, புரதத் தரத்தை அளக்க ஒரு முறையை வகுத்தது. உணவிலுள்ள அமினோ அமிலங்களைத் தேவையான அளவோடு ஒப்பிட்டு, மிகக் குறைவானதை எடுத்து, அந்த உணவு எவ்வளவு சமிக்கிறது என்பதால் பெருக்குவதே அம்முறை. 2013 இல் வெளியான அறிக்கை இதனை மேலும் திருத்தியது. அவ்வறிக்கையின்படி, மூன்று வயதுக்கு மேற்பட்டோர் உண்ணும் ஒவ்வொரு கிராம் புரதத்திலும் 48 மில்லிகிராம் லைசினும், கந்தகம் கொண்ட மெதியோனின், சிஸ்டீன் இரண்டும் சேர்ந்து 23 மில்லிகிராமும் இருத்தல் வேண்டும்.

இனி நம் சமையலறைக்கு வருவோம். வகைக்கு வகை எண்கள் சற்று மாறும். ஆகையால் சுற்றிய எண்களாகவே தருகிறேன். ஒரு கிராம் புரதத்தில் உள்ள லைசின்: வெள்ளைக் கோதுமை மா 23 மில்லிகிராம், அரிசி 36, உழுந்து 66, கடலை 67, மைசூர்ப் பருப்பு 70, பால் 78. கந்தக அமிலங்களோ தலைகீழாக உள்ளன: அரிசி 44, கோதுமை 40, கடலை 27, உழுந்து 24, மைசூர்ப் பருப்பு 22.

அதாவது தானியத்தில் லைசின் பற்று, கந்தக அமிலம் வரவு. பருப்பில் லைசின் வரவு, கந்தக அமிலம் மட்டுமட்டு. இரண்டு பேரேடுகளையும் ஒன்றாகக் கூட்டினால் கணக்குச் சரிவரும்.

கூட்டிப் பார்ப்போம். 100 கிராம் அரிசியில் ஏறக்குறைய 7 கிராம் புரதம். அதில் லைசின் 252 மில்லிகிராம். தேவையோ 336. நான்கில் மூன்று பங்குதான் உண்டு. இதனோடு 30 கிராம் மைசூர்ப் பருப்பைச் சேருங்கள். அதில் 7 கிராமுக்குச் சற்று மேல் புரதம், 500 மில்லிகிராம் லைசின். இப்போது மொத்தப் புரதம் 14 கிராம், லைசின் 750 மில்லிகிராமுக்கு மேல். கிராமுக்கு 53! கந்தக அமிலமும் கிராமுக்கு 33. இரண்டும் தேவைக்கு மேலே வந்துவிட்டன. மூன்று பங்கு அரிசிக்கு ஒரு பங்கு பருப்பு என்று நம் வீட்டுப் பெரியவர்கள் கைப்பிடியால் அளந்த அளவு இது. ஆய்வுகூடம் இல்லாமலே அவர்கள் கண்டுபிடித்திருந்தார்கள்.

நம் பலகாரங்களைப் பாருங்கள். மோதகத்தின் மேலே அரிசி மா, உள்ளே பயறு. பொங்கற் பானையில் பச்சையரிசியும் வறுத்த பயறும். யாழ்ப்பாணத்துத் தோசையில் கோதுமை மாவும் உழுந்தும். பெண்பிள்ளை பெரியவளானால் உழுத்தங்களி. இலங்கையில் 1973 இல் தொடங்கிய திரிபோஷா சத்துமாவும் இதே கொள்கையில் அமைந்ததே. சோளத்தில் குறைந்த லைசினைச் சோயா ஈடுசெய்கிறது. மெனிக் பாம் நிவாரணப் பொதியில் அரிசிக்கும் மாவுக்கும் பக்கத்தில் பருப்பு இருந்ததன் காரணமும் இதுதான்.

பலெர்மோக்காரருக்கும் இது தெரியும்

இங்கு வந்த முதல் ஆண்டுகளில் ஒரு முதியவர் வீட்டில் பராமரிப்பு வேலை செய்தேன். கிழமையில் இரண்டு நாள் அவருக்குப் பாஸ்தாவோடு பருப்பு, ஒரு நாள் பாஸ்தாவோடு கடலை. இத்தாலியர் பருப்பு வகைகளை 'ஏழைகளின் இறைச்சி' என்று சொல்வதுண்டு. அவரும் அதைச் சொல்லிச் சிரிப்பார். அன்று எனக்கு அது பழைய காலத்துச் சிக்கனமாகத் தோன்றியது. இன்று பார்த்தால் நம் சோறும் பருப்பும் வேறு உடையில் வந்திருக்கிறது.

பலாரோ சந்தைப் பக்கம் போகிற எவருக்கும் பனெல்லே தெரியும். கடலை மாவைத் தண்ணீரிலும் உப்பிலும் காய்ச்சி, மெல்லிய துண்டாக்கிப் பொரித்து, எள்ளுத் தூவிய பாணுக்குள் வைத்துத் தருவார்கள். 100 கிராம் வெள்ளைப் பாணின் புரதம் தனியே தேவையான லைசினில் பாதிதான் தரும். 40 கிராம் கடலை மாவில் செய்த பனெல்லே சேர்ந்தால் அது பத்தில் ஒன்பது பங்குக்கு ஏறிவிடுகிறது. டிசம்பர் 13, புனித லூசியா நாளில் பலெர்மோ மக்கள் பாணும் பாஸ்தாவும் தொடாமல் பனெல்லேயும் குச்சியாவும் உண்பர். 1646 இல் பஞ்சம் தீர்த்த தானியக் கப்பலின் நினைவு அது என்பது இவ்வூர் வழக்கு. குச்சியா என்பது அவித்த கோதுமையோடு ரிக்கோத்தா கலந்தது. அங்கும் கோதுமையின் குறையைப் பால் தீர்க்கிறது.

கடையில் வாங்கும்போது பெயர் தெரிந்திருப்பது நல்லது. மைசூர்ப் பருப்பு இங்கு லென்டிக்கியே ரோஸ்ஸே. கடலை என்றால் செச்சி. கடலை மா என்றால் ஃபரீனா தி செச்சி. பலெர்மோவுக்கு எதிரேயுள்ள உஸ்திக்கா தீவில் விளையும் சிறிய கபிலநிறப் பருப்பு பேர்போனது, ஆனால் விலை கூட. சத்துக்காக அதைத் தேடிப் போகத் தேவையில்லை. சாதாரணப் பருப்பே போதும்.

அம்மாவின் கணக்கு

இனி அம்மாவின் ஏட்டுக்கு வருவோம். வளர்ந்தோருக்கு உடல் நிறையில் ஒரு கிலோவுக்கு நாளொன்றுக்கு 0.83 கிராம் புரதம் பாதுகாப்பான அளவு. லைசின் சராசரியாக 30 மில்லிகிராம் தேவை. 45 கிலோவுக்குப் புரதம் 37 கிராம், லைசின் 1350 மில்லிகிராம்.

றஸ்க் 3.5 கிராம் புரதம், சோறு 7, பாண் 9, தேநீர்ப் பால் 3. மொத்தம் 22 கிராமும் சொச்சமும். லைசின் 760 மில்லிகிராம். தேவையில் பாதியைச் சற்றே தாண்டியது. அதிலும் றஸ்க் என்பது இரண்டு தரம் சுட்ட பாண். நன்றாகச் சிவக்கச் சுடும்போது முதலில் பழுதாவது லைசின்தான். நோயாளிக்கும் வயதானவருக்கும் இலகுவான உணவு என்று நாம் நீட்டும் றஸ்க், இந்தக் கணக்கில் மிகவும் வறிய உணவு.

இந்தத் தாளை மேசையில் வைத்துப் பார்த்தபோது எனக்கு வெட்கமாக இருந்தது. மற்றவர்களின் கணக்கில் ஐந்து யூரோ குறைந்தாலும் கண்டுபிடிப்பவன் நான். ஒரே வீட்டில் இருந்தும் என் தாயின் தட்டில் இருந்த பற்றாக்குறையை இரண்டு ஆண்டுகளாகக் காணவில்லை.

பருப்பைத் திணிக்கவேண்டாம் என்று என் மனைவி சொன்னார். மாற்று வழி தேடினோம். இரவுப் பாணுக்குப் பதிலாகக் கோதுமை மாவும் உழுந்தும் அரைத்த தோசை. மதியச் சோற்றோடு ஒரு கிண்ணம் தயிர். மாலையில் ஆலயத்தில் கொடுப்பதுபோல் தாளித்த கடலைச் சுண்டல், பல்லுக்கு இதமாக நன்றாக அவித்தது. ஒருநாள் பலாரோவில் பனெல்லே வாங்கிக் கொடுத்தேன். மீன் பொரித்த எண்ணெய் இல்லையே என்று மூன்று தரம் கேட்டுவிட்டு ஒரு துண்டு தின்றார். "உது எங்கட கடலைமாப் பலகாரம் மாதிரியெல்லோ" என்றார். மற்றப் பாதியையும் தின்றார்.

புதிய ஏட்டின்படி புரதம் 41 கிராம், லைசின் 2100 மில்லிகிராம். சமிபாட்டுக் கழிவு போனாலும் லைசின் தாராளமாக மிஞ்சுகிறது. வயதானவர்களுக்குக் கிலோவுக்கு 1 முதல் 1.2 கிராம் வரை புரதம் வேண்டும் என்று இன்று பல நிபுணர்கள் பரிந்துரைக்கிறார்கள். ஆகவே புரதத்தில் இன்னும் சிறிது பாக்கி உண்டு. தசைக்குப் புரதம் மட்டும் போதாது, வேலையும் வேண்டும் என்பதால் மாலையில் என் மகளோடு நடக்கிறார். ஓராண்டில் நிறை 48 கிலோ ஆனது. மாடிப்படியில் இருப்பது இப்போது ஒரு தரம்தான்.

மைசூர்ப் பருப்பை மட்டும் அவர் இன்றும் தொடுவதில்லை. தொடும்படி நாங்கள் கேட்பதுமில்லை.

கவனிக்க வேண்டியவை

1. சோறும் பருப்பும் ஒரே வேளையில்தான் சேரவேண்டும் என்பதில்லை. 1971 இல் தன் நூலில் அப்படி வலியுறுத்திய பிரான்செஸ் மூர் லாப்பே என்ற அமெரிக்க எழுத்தாளரே 1981 பதிப்பில் அதைத் திருத்திக்கொண்டார். ஒரே நாளுக்குள் பல வகையும் போதிய அளவில் உண்டால் போதும்.

2. சொதிபோல் தண்ணீராகக் கரைத்த பருப்பில் நான்கு கரண்டி ஊற்றினாலும் 30 கிராம் பருப்பு வராது. கறி தடிப்பாக இருக்கட்டும். ஊறவைத்தலும் நன்றாக அவித்தலும் பருப்பு வகைகளைச் சமிக்கச் செய்யும்.

3. பிள்ளைகள் எண்ணெயோ பட்டரோ மட்டும் இட்ட வெறும் பாஸ்தாவைக் கேட்பார்கள். வளரும் பிள்ளைக்கு இந்தக் குறை பெரியவரைவிடக் கூடுதலாகத் தாக்கும். கடலை, பருப்பு, தயிர், பால் என்று ஏதாவது ஒன்று அன்றைய தட்டில் இருக்கட்டும். மச்சம் உண்ணும் வீடுகளில் ஒரு முட்டையோ இரண்டு மத்தி மீனோ இக்கணக்கை உடனே சரிசெய்துவிடும்.

4. ரிக்கோத்தா நல்ல புரதம். ஆனால் அது பாற்கட்டி செய்தபின் எஞ்சும் நீரிலிருந்து எடுப்பது. பாற்கட்டியைத் திரளவைக்க ஆட்டுக்குட்டி அல்லது கன்றின் இரைப்பையிலிருந்து பெற்ற பொருளைச் சேர்ப்பது இங்கு வழக்கம். கண்டிப்பான சைவர்கள் கேட்டு வாங்குக.

5. ஃபாவே என்னும் அவரை வகை சிசிலியில் பிரபலம். ஜி-6-பி-டி என்ற நொதியம் குறைந்தவர்களுக்கு அது இரத்தச் சிவப்பணுக்களைச் சிதைக்கும். குடும்பத்தில் எவருக்கேனும் இக்குறை இருந்தால் தவிர்க்கவும்.

6. சிறுநீரக நோய் உள்ளவர்கள் தம் வைத்தியரைக் கேளாமல் புரதத்தைக் கூட்டக்கூடாது.

வீட்டில் செய்து பார்க்க

பிள்ளைகள் ஒரு கொப்பியை எடுத்து, வீட்டிலுள்ள அம்மம்மா, அப்பப்பா யாராவது ஒருவர் ஏழு நாளும் உண்பதை எழுதுங்கள். பக்கத்தை இரண்டாகப் பிரித்து, ஒரு பக்கம் சோறு, பாண், பாஸ்தா, றஸ்க். மறுபக்கம் பருப்பு, பயறு, கடலை, உழுந்து, பால், தயிர். மறுபக்கம் வெறுமையாக இருக்கும் நாட்களை எண்ணுங்கள். பின்பு அவர் ஏன் உண்ணவில்லை என்று பக்கத்தில் இருந்து கேளுங்கள். பல் வலியாக இருக்கலாம், தனியே உண்ண மனமில்லாதிருக்கலாம், பழைய நினைவாகவும் இருக்கலாம். காரணம் தெரிந்தால் மாற்று உணவு நம் அடுக்களையிலேயே இருக்கும்.

ஆலய அன்னதானத்துக்கு உபயம் செய்யும் குடும்பங்களுக்கும் ஒரு வேண்டுகோள். கறிகளின் எண்ணிக்கையைக் கூட்டுவதற்கு முன் பருப்பைத் தடிப்பாக்குங்கள், சுண்டலை ஒரு கரண்டி கூட்டுங்கள். தனியே வாழும் நம் முதியவர்கள் சிலருக்கு அக்கிழமையின் முழுமையான உணவு அதுவாகவே இருக்கக்கூடும்.